திருநாவுக்கரசு என்னும் திருப்பெயர்

திருவிழாக்கள்தோறும் நாம் செல்லும் ஊர்களில் திருநாவுக்கரசு என்னும் பெயருடைய முதியோரைக் காண்கிறோம். அப்பெயருடைய சிறுவரைக் காண்பது அரிதாகிவிட்டது.

இது பெற்றோர் இட்ட பெயரன்று. திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் தம் மைந்தர்க்கு இட்ட பெயர் மருள்நீக்கியார். சமணம் புக்கபோது பெற்ற பெயர் தருமசேனர். சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருவதிகை வீரட்டானத்து இறைவனைப் பாடியபொழுது, அவ்விறைவனே அருளிய பெயர் இது என்பார் சேக்கிழார்.

அப்பெயரை இல்லந்தோறும் வழங்கத்தக்கதாகச் செய்து காட்டியவர் திங்களூர் அப்பூதியடிகள். அவர் நாவரசரைக் காணாமலே, கேட்ட அளவில் அன்பு பூண்டவர். மக்கள் மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு ஆயினர். பசுவும் எருமையும், அளவைகளும், தண்ணீர்ப் பந்தரும் அப்பெயரே பெற்றன. ஒரே பெயரை இருவர்க்கு இட்டால் மயக்கம் வாராதோ எனின், அடிகள் வேண்டியது அடையாளம் அன்று. அத்திருப்பெயர் நாள்முழுதும் நாவில் பயில வேண்டும் என்பதே. பயன் யாது? பந்தரில் தம் பெயரைக் கண்ட நாவரசர் அடிகளின் இல்லம் தேடி வந்தார். அன்று அரவு தீண்டி மாண்ட மூத்த மகனைப் பதிகம் பாடி எழுப்பினார். பெயர் முன்னே சென்றது. அருள் பின்னே வந்தது.

பெயர் நீண்டது என்று தயங்க வேண்டா. அரசு என்று சுருக்கி வழங்குதல் சேக்கிழாரே காட்டிய நெறி. சித்திரைச் சதயத்தில் குருபூசை செய்யும் நாம், நம் பேரப்பிள்ளைகளுள் ஒருவர்க்கேனும் இப்பெயரை இட்டு, வாயார அழைத்து உய்வோமாக.