கதிர்வீச்சு எதற்காக? முற்றிய தோல் புற்றுநோயாளர் கேட்க வேண்டிய கேள்வி

தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோய் இந்தியர்களிடம் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதால், கால் ஆணி என்றோ ஆறாத புண் என்றோ எண்ணி விடப்பட்டு, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய பின்னரே பலருக்குக் கண்டறியப்படுகிறது. இந்நிலையில் உயிர்வாழும் காலத்தை நீட்டியது இம்யூனோதெரபி. டி செல்கள் எனும் வெள்ளையணுக்களின் மீதுள்ள தடையை மருந்தால் நீக்கி, உடலின் எதிர்ப்பாற்றலே புற்றைத் தாக்குமாறு செய்யும் முறை இது. ஓர் ஆய்வில், 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இபிலிமுமாப் எனும் இத்தகைய மருந்தை நிவோலுமாப் எனும் மற்றொன்றுடன் சேர்த்துப் பெற்றோரில் 43 விழுக்காட்டினர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். அவ்வாறு பெற்றோரில் பாதிக்கும் மேற்பட்டோர் கடும் பக்கவிளைவுகளுக்கும் ஆளாயினர்.

இதனுடன் கதிர்வீச்சைச் சேர்க்கும் எண்ணத்துக்கு வலுவூட்டியது 2012இல் வெளியான ஒரு நோயாளியின் வரலாறு. இபிலிமுமாப் பெற்றுவந்த அவருடைய முதுகெலும்பருகே இருந்த கட்டிக்கு மட்டும் கதிர்வீச்சு தரப்பட, கதிர் படாத மண்ணீரல் கட்டிகளும் சுருங்கின. சிதைந்த செல்களிலிருந்து வெளிப்படும் புரதங்கள் எதிர்ப்பாற்றலுக்குப் பகையை அடையாளங்காட்டுவதே இதற்குக் காரணம் என விளக்கப்படுகிறது. ஆனால் ஒருவருக்கு நிகழ்ந்தது எல்லோருக்கும் உரிய சிகிச்சையாகிவிடாது. மெர்க்கெல் செல் புற்று எனும் மற்றொரு தோல் புற்றுநோயில் 50 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இதே இரு மருந்துகளோடு கதிர்வீச்சைச் சேர்த்ததால் கூடுதல் பயன் எதுவும் காணப்படவில்லை.

ஆகவே, மருத்துவர் கதிர்வீச்சைப் பரிந்துரைத்தால், அது எதற்காக என்று கேட்பதே முதல் வேலை. எலும்பு வலியைத் தணிக்கவோ, குருதிக் கசிவை நிறுத்தவோ, மூளைக் கட்டியைக் கட்டுப்படுத்தவோ என்றால் அது நிலைபெற்ற மருத்துவம். ‘மருந்தின் வீரியத்தைக் கூட்டுவதற்கு’ என்று மட்டும் விடை வருமானால், அது இன்னும் ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சை. அதற்கெனக் கடன் வாங்குமுன் வேறொரு புற்றுநோய் மருத்துவரின் கருத்தையும் கேட்பது நல்லது.

அந்தச் சிகிச்சை முறையான மருந்தாய்வாகவே தரப்பட்டால், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள் காப்பாக நிற்கின்றன: நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்தில் பெறும் இசைவு, எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, ஆய்வினால் விளையும் பாதிப்புக்கு இலவச மருத்துவமும் இழப்பீடும். படிவத்தில் கையெழுத்திடுமுன் அதன் நகலை வீட்டுக்கு எடுத்துச்சென்று படிக்க அவகாசம் கேட்பதில் தவறேதும் இல்லை.

இம்யூனோதெரபி மருந்து நிறுத்தப்பட்டுச் சில மாதங்கள் கழிந்த பின்னும் தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் குடலையோ நுரையீரலையோ கல்லீரலையோ தைராய்டையோ, அரிதாக இதயத்தையோ தாக்கலாம். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை வயிற்றுப்போக்கு வரும்போது மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி அடக்கிவைப்பதுதான் இங்கே மிகுதியாக நடக்கும் பிழை; அது குடல் அழற்சியாயின் ஸ்டீராய்டு உடனே தேவைப்படும். மார்பில் கதிர்வீச்சு பெற்றவருக்கு வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும், மூளையில் பெற்றவருக்குப் புதிய தலைவலியோ வலிப்போ வந்தால் காத்திருக்கலாகாது. எந்த மருத்துவரிடம் சென்றாலும் இம்யூனோதெரபி பெற்றதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி. கட்டணம் பெற்ற மருத்துவமனையில் கவனக்குறைவு நேர்ந்திருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் மருந்தளவு குறித்த சீட்டும் அங்கே முதன்மைச் சான்றுகளாகும்.