நேரத்தைக் காக்கப் பறக்கும் காலி விமானங்கள்

சிதம்பரம் பேருந்து நிலையத்தில், மத்தியான வேளையில் கடலூருக்குப் புறப்படக் காத்திருக்கும் தனியார் பேருந்து ஒன்றைச் சற்று நின்று கவனித்தவர்களுக்கு, உலகத்தின் பெரிய ஆகாய விமானக் கம்பெனிகளின் சூட்சுமம் ஒன்று பாதிக்கு மேல் விளங்கிவிடும். வெயிலுக்கு அஞ்சி ஜனங்கள் வெளியே தலைகாட்டாத அந்நேரத்தில் வண்டியில் ஏழெட்டுப் பேரே இருப்பார்கள். நடத்துனர் படியில் தொற்றிக்கொண்டு "கடலூர், கடலூர், ஓ.டி., மஞ்சக்குப்பம்" என்று தொண்டை வறளக் கூவுவார், ஓட்டுநரோ இஞ்சினை உறுமவிட்டு, வண்டியை அரை அடி முன்னும் அரை அடி பின்னுமாக நகர்த்தி, இதோ புறப்பட்டுவிட்டதாகப் பாவனை செய்வார். இன்னும் ஐந்து நிமிஷம் நின்றால் பத்துப் பேர் சேரக்கூடும் என்பது இருவருக்கும் தெரியும். ஆயினும் பின்னால் நிற்கும் அடுத்த வண்டிக்காரர் ஹாரனை அழுத்தி, "டைம் ஆச்சு, எடுப்பா" என்று அதட்டியதும், காலி இருக்கைகளைச் சுமந்துகொண்டு பேருந்து கிளம்பியே தீரும். ஏனெனில் 'டைம்' என்பது வெறும் கடிகார நேரமன்று. பெர்மிட்டோடு சேர்ந்த சொத்து. இன்று அதை ஓட்டாமல் விட்டால் நாளை அதற்கு வேறொருவர் மனுப் போடுவார்.

லண்டன் ஹீத்ரோ, பிராங்க்பர்ட் போன்ற நெரிசல் மிகுந்த விமான நிலையங்களிலும் இதே வழக்குத்தான். ஓடுபாதைகள் சிலவே. இறங்கவும் ஏறவும் விரும்பும் விமானங்களோ அளவிறந்தவை. ஆகவே இன்ன நாளில் இன்ன நிமிஷத்தில் இறங்கலாம், இன்ன நிமிஷத்தில் ஏறலாம் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் நேரம் பங்கிட்டுக் கொடுக்கப்படுகிறது; இதற்கு 'ஸ்லாட்' என்று பெயர். ஒரு பருவத்தில் தனக்குக் கிடைத்த ஸ்லாட்டுகளில் 80 விழுக்காட்டையாவது பயன்படுத்திய கம்பெனிக்கு மறு வருஷமும் அவை உரியவையாகும்; அதற்குக் குறைந்தால் பொதுக் குவியலுக்குத் திரும்பிப் போய்ப் போட்டியாளர் கையில் விழும். ஐரோப்பாவில் 1993ஆம் ஆண்டுச் சட்டமே இதை விதித்தது. இவ்வுரிமையின் மதிப்பு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் போதும்: ஹீத்ரோவில் ஓர் இறக்கமும் ஓர் ஏற்றமும் சேர்ந்த ஒரு ஜோடி ஸ்லாட்டுக்காக ஓமான் ஏர் 2016-ல் 7½ கோடி டாலர் கொடுத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அவ்வளவு விலையுள்ள பொருளை இழப்பதைவிட, ஆளில்லாத விமானத்தை ஓட்டி எண்ணெயை எரிப்பது மலிவு என்று கணக்கப்பிள்ளை சொன்னால், அவர் கணக்கில் பிழையில்லை. 2007-ல் பிரிட்டிஷ் மெடிட்டரேனியன் என்ற கம்பெனி, தாஷ்கண்ட் தடத்தை நிறுத்திவிட்டபின், கையிலிருந்த ஹீத்ரோ ஸ்லாட்டைக் காப்பாற்றும் பொருட்டு, 124 இருக்கைகள் கொண்ட விமானத்தை வாரத்தில் ஆறு நாள் ஹீத்ரோவுக்கும் கார்டிப் நகரத்துக்கும் இடையே ஒரு பிரயாணிகூட இல்லாமல் பறக்கவிட்டது. அதில் டிக்கெட் விற்கவே இல்லை.

ஆனால் நம் சிதம்பரம் பேருந்துக்கும் இதற்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. ஏழு பேரோடு கிளம்பிய பேருந்து பு.முட்லூரில் நாலு பேரையும், புதுச்சத்திரத்தில் மீன்கூடையோடு இரண்டு பெண்களையும், ஆலப்பாக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடலூர் முதுநகர் சேரும்போது நிறைந்திருக்கும். கதவடைத்து மேலே எழும்பிய விமானத்துக்கு வழியில் ஏறுவார் யாருமில்லை.

மேலும், காலி விமானம் எண்ணெயைக் காலாகக் குறைத்துக் குடிப்பதில்லை. விமானத்தின் பாரத்தில் பெரும்பகுதி அதன் உடலும் இஞ்சினும் எரிபொருளுமேயன்றிப் பிரயாணிகள் அல்லர். ஏ320 ரக ஜெட் விமானம் வெறுமையாகவே நாற்பது டன்னுக்கு மேல் நிறைகொண்டது. 180 பேரும் அவர்கள் மூட்டை முடிச்சுகளும் சேர்ந்து பதினாறு, பதினேழு டன் தேறும். அத்தனை பேரையும் இறக்கிவிட்டாலும், மிச்சமிருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் ஆகாயத்தில் தாங்கிப் பிடிக்க எண்ணெய் வேண்டியதே. அவ்வெண்ணெய் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு பிறக்கிறது.

கடலூர்க்காரருக்கு மிக அருகிலுள்ள விமான நிலையம் புதுச்சேரி லாசுப்பேட்டையில் இருப்பதால், அங்கிருந்து பெங்களூர் செல்லும் 78 இருக்கை ஏ.டி.ஆர். விமானத்தை வைத்தே கணக்குப் பார்ப்போம். இது புரொப்பெல்லர் என்னும் சுழல்விசிறி பொருத்திய சிக்கன ரகம். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 650 கிலோ எரிபொருள் என்று கொண்டால், சுமார் இரண்டு டன் கரியமில வாயு. 78 பேரும் நிறைந்திருந்தால் தலைக்கு 26 கிலோ. எட்டே பேர் இருந்தால் தலைக்கு 250 கிலோவுக்கு மேல். அதே ஊருக்கு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் சாதாரணப் பேருந்தில் நாற்பது பேர் போனால் தலைக்கு நான்கு கிலோதான் ஆகிறது. உயரத்தில் பறக்கும் ஜெட் விமானங்களோ இந்த வாயுவோடு நிற்பதில்லை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சாயங்காலம் காற்று வாங்குபவர்கள் அண்ணாந்து பார்த்து வியக்கும் வெண்கோடுகள், இஞ்சினிலிருந்து வெளிப்படும் நீராவி உறைந்த பனித்துகள்கள்; பூமியிலிருந்து வெளியேற வேண்டிய உஷ்ணத்தை அவை போர்வைபோலத் தடுக்கின்றன. உலகத்துக் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு இரண்டரை விழுக்காடு அளவே என்றாலும், வெண்கோடுகளையும் சேர்த்தால் வெப்பமூட்டலில் அவற்றின் பங்கு மூன்றரை விழுக்காட்டை எட்டுகிறது என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

காலி விமானங்களின் விவகாரம் உலகப் பேச்சானது கொரோனாக் காலத்தில். 2020 மார்ச்சில் பிரயாணிகள் திடீரென்று மறைந்தபோது ஐரோப்பிய ஒன்றியம் 80 விழுக்காட்டு விதியை நிறுத்திவைத்தது. பிறகு 50 விழுக்காடு என்று தளர்த்திக் கொண்டுவந்தது. அந்தப் பாதி அளவே பாரமென்று 2021 டிசம்பரில் லுப்தான்சா கம்பெனியின் தலைவர் கார்ஸ்டன் ஸ்போர் முறையிட்டார்: ஸ்லாட்டுகளைக் காக்கும் பொருட்டு மட்டுமே அந்தக் குளிர்காலத்தில் தம் கூட்டக் கம்பெனிகள் 18,000 அநாவசியப் பறத்தல்களைச் செய்யவேண்டியிருக்கிறது என்றார். இதை அடிப்படையாகக் கொண்டு, ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சம் பறத்தல்கள், 21 லட்சம் டன் கரியமில வாயு என்று கிரீன்பீஸ் அமைப்பு பெருக்கிச் சொன்னது. ஒரே கம்பெனியின் வாய்மொழியைக் கண்டம் முழுவதற்கும் விரித்த மதிப்பீடு அது. எடுத்துக்கொள்ளும்போது அந்த ஜாக்கிரதை வேண்டும். ரயன்ஏர் தலைவர் ஓலியரி, அநாவசியம் என்கிற அந்த இருக்கைகளை மலிவு விலைக்கு விற்கலாமே, ஏன் விற்கவில்லை என்று எதிர்க்கேள்வி போட்டார். சுற்றுச்சூழலின் பெயரால் முறையிட்டவர் தம் ஸ்லாட்டுகளையும் காத்துக்கொள்ள விரும்பினார் என்பது அதில் வெளிப்பட்டுவிட்டது. பிரிட்டனில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை, பத்தில் ஒரு பங்குகூட நிரம்பாமல் புறப்பட்ட சர்வதேச விமானங்கள் ஏறத்தாழ 15,000 என்பது அந்நாட்டு அரசாங்கக் கணக்கிலேயே வெளிவந்தது.

ஸ்லாட் ஒன்றே காரணமென்று நினைக்கலாகாது. 2021 மே மாதம் பம்பாயிலிருந்து துபாய்க்குச் சென்ற 360 இருக்கை போயிங் 777 விமானத்தில் ஒரே ஒரு பிரயாணி போனார். அங்கிருந்து வந்த விமானம் எப்படியும் திரும்பியாக வேண்டும். வயிற்றுப்பகுதியில் சரக்கும் ஏறும். ஆஸ்திரேலியாவில் கத்தார் ஏர்வேஸுக்கு நான்கு பெருநகரங்களுக்கு வாரம் 28 விமானங்களுக்கே அனுமதி இருந்தது, அடிலெய்டுக்கு வரம்பில்லை. ஆகவே அந்த வரம்புக்கு மேல் மெல்போர்ன் வந்த விமானத்தை அடிலெய்டுவரை நீட்டினார்கள். உள்நாட்டுப் பிரயாணிகளை ஏற்ற உரிமை இல்லாததால் அந்தக் கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே ஓடியது. விதியின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கைவிடும் வித்தை இது.

இனி நம் ஜில்லாவுக்கு வருவோம். ஆகாயத்தையே மூர்த்தமாகக் கொண்டாடும் சிதம்பரத்துக்கு ஆகாய மார்க்கமாக வர வழியில்லை. ஆயினும் நெய்வேலியில் நிலக்கரி நிறுவனத்தின் விமானத்தளம் ஒன்று உண்டு. சாமானியரும் பறக்கவேண்டும் என்று 2016-ல் மத்திய சர்க்கார் வகுத்த 'உடான்' திட்டத்தின் முதல் சுற்றில், 2017-ல், நெய்வேலி–சென்னைத் தடம் ஒரு சிறு கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டது. பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு. நஷ்டத்தை மூன்று வருஷம்வரை ஈடுகட்ட மானியம். அம்மானியத்துக்குப் பணம், பெருந்தடங்களில் பறக்கும் விமானங்கள்மீது விதிக்கப்பட்ட தீர்வை. காகிதத்தில் எல்லாம் பொருத்தமாகவே இருந்தது. அந்த ஒதுக்கீட்டின்படி ஒரு விமானமும் புறப்படவில்லை. புதுச்சேரியிலோ 2013-ல் புதிய முனையம் திறந்தது முதல் கம்பெனிகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன: 2015-ல் அலையன்ஸ் ஏர் பெங்களூருக்கு விமானம் விட்டுச் சில மாதங்களில் நிறுத்திக்கொண்டது, 2017 ஆகஸ்டில் ஸ்பைஸ்ஜெட் ஹைதராபாத்துக்கு விட்டுப் பிற்பாடு நிறுத்தியது, 2024 டிசம்பரில் இண்டிகோ வந்தது.

இது நம் ஊர் துரதிருஷ்டம் மட்டுமன்று. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் சமர்ப்பித்த அறிக்கைப்படி, உடானின் முதல் மூன்று சுற்றுகளில் வழங்கப்பட்ட 774 தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கிய 371-ல் மானியக் காலமான மூன்று வருஷத்தையும் பூர்த்தி செய்தவை 112. அதற்குப் பின்னும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. லட்சத்தீவுக்கும் அந்தமானுக்கும் வடகிழக்கு மலைகளுக்கும் பாதி காலியாக விமானம் பறந்தாலும் அதில் நியாயம் உண்டு; அங்கே அவசர நோயாளிக்கு விரைவான வேறு வழி அரிது. சென்னையிலிருந்து தார்ச்சாலையில் சுமார் 200 கிலோமீட்டர் தூரமுள்ள நெய்வேலிக்கு அந்த நியாயம் செல்லாது. ஆளில்லாமல் பறக்கும் விமானத்தைவிட விமானமில்லாத தளம் மேல் என்றே என் அபிப்பிராயம். அது புகையாவது கக்குவதில்லை.

உடான் மானியத் தொகையிலும் விமானத்தைப் பற்றிய கவலையிலும் ஒரு பங்கை நம் இருப்புப்பாதைக்குத் திருப்பும்படி ஜில்லாவின் பிரதிநிதிகள் கேட்கவேண்டும். கடலூர், சிதம்பரம் வழியே மயிலாடுதுறை செல்லும் மெயின் லைன் 2010-ல் அகலப்பாதையாயிற்று. பிறகு மின்மயமும் ஆயிற்று. இருந்தும் எதிர்வண்டிக்கு வழிவிட ஏதோ ஒரு சிறு நிலையத்தில் ரயில் நிற்கிறது. ஆயிரம் பேர் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு 'கிராஸிங்' எப்போது முடியும் என்று காத்திருக்கிறார்கள். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வரை அந்தப் பாதை இன்னும் ஒற்றைப் பாதைதான்.