படகு வரையவா பட்டப்படிப்பு?

“மெக்கானிக்கல் எடும்மா, எங்கே போனாலும் வேலை கிடைக்கும். படகு வரையறதுக்கா நாலு வருஷம் படிக்கப் போறே?”

மெட்ரிகுலேஷன் முடித்து யு.பி.யு. விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது அப்பா கேட்ட கேள்வி இது. கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். அவர் பயந்ததில் தவறில்லை; எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போகும் முதல் ஆள் நான்.

என் ஆசை ஒரு சின்னச் சந்தேகத்தில் தொடங்கியது. பள்ளியில் படித்தபோது கேத்தாம் தீவுக்குப் போனோம். படகு கரையை நெருங்கியதும் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து வந்தார்கள். படகு சாய்ந்தது, கவிழவில்லை. ஏன்?

பதிலைப் பிறகுதான் படித்தேன். படகு சாயும்போது அந்தப் பக்கம் கூடுதலாக நீரில் மூழ்குகிறது. நீரின் மேல்நோக்கிய உந்துவிசையும் அந்தப் பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்துகிறது. பாரத்தை உயரத்தில் ஏற்ற ஏற்ற, நிமிரும் ஆற்றல் குறையும். அதற்குப் பயந்து அந்த ஆற்றலை அளவுக்கு மீறிக் கூட்டினால், படகு வெடுக் வெடுக்கென்று ஆடிப் பயணிகளை வாட்டும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் காண்பது நேவல் ஆர்க்கிடெக்டின் வேலை. படகின் வடிவம், வலிமை, சமநிலை மூன்றும் அவர் பொறுப்பு. இயந்திரங்களைப் பார்ப்பவர் மரின் இன்ஜினியர்.

அப்பாவிடம் பாடத்திட்டத்தைக் காட்டினேன். கணிதம், பாய்ம இயக்கவியல், பொருள்களின் வலிமை என அடிப்படைப் பாடங்கள் பல மெக்கானிக்கலிலும் உள்ளவைதான். முதல் விருப்பமாக ஸ்கூடாய் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கப்பல் வடிவமைப்புப் படிப்பு, இரண்டாவதாக மெக்கானிக்கல் என்று சமரசம் செய்துகொண்டோம். முதல் விருப்பமே கிடைத்தது.

இப்போது மூன்றாம் ஆண்டு. ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சொகுசுப் படகு வரையும் வேலைகள் மிகக் குறைவு. பெர்ரி, இழுவைப்படகு, எண்ணெய் மேடைகளுக்குப் பொருள் ஏற்றிச் செல்லும் கப்பல், பழுதுபார்க்கும் தளம், கப்பல்களுக்குத் தரச்சான்று வழங்கும் நிறுவனம் என்று வேலைகள் வேறிடத்தில் இருக்கின்றன. ஓவியம் பிடிக்கும் என்பதற்காக மட்டும் இதை எடுக்காதீர்கள். இயற்பியலும் கணக்கும் பிடிக்க வேண்டும். செய்முறைப் படிப்பை விரும்புவோர், லுமுட்டில் உள்ள கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வளாகத்தையும் விசாரிக்கலாம்.

போன விடுமுறையில் அப்பா ஒரு கொள்கலன் கப்பலைக் காட்டி, “இவ்வளவு உயரம் அடுக்கலாம்னு யாரும்மா கணக்குப் போட்டது?” என்று கேட்டார்.

அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.