உருகாத ரோஜா

காரைக்குடியில் எங்கள் வீட்டில் ஒரு மே மாதப் பிறந்தநாள். கடையில் வாங்கிய கேக் ஒன்று. வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் அடித்து வீட்டிலேயே க்ரீம் பூசிய கேக் மற்றொன்று. மெழுகுவத்தி ஏற்றுமுன்னரே வீட்டுக் கேக்கின் ரோஜா வழிந்து தட்டில் இறங்கிவிட்டது. கடை ரோஜாவோ இதழ்கூட மடங்காமல் நின்றது. குழந்தைகள் எதை மெச்சினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

வெண்ணெயில் சுமார் 80 விழுக்காடு கொழுப்பு. மீதி பெரும்பாலும் நீர். அடிக்கும்போது காற்றுக் குமிழிகள் உள்ளே சிக்குகின்றன. நுண்ணிய கொழுப்புப் படிகங்களே அவற்றைத் தாங்குகின்றன. படிகங்கள் உருகினால் குமிழிகளுக்குப் பிடிமானம் ஏது? வெண்ணெய் 35° செ. அளவில் முழுதும் உருகிவிடும். நம் ஊர்க் கோடையில் அந்த வெப்பம் அபூர்வமன்று.

கடைக் க்ரீம்களில் பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதில் கெட்டியாக்கிய தாவரக் கொழுப்பே சேர்கிறது. எண்ணெய் மூலக்கூறின் கார்பன் சங்கிலி, இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் வளைந்திருக்கும். வளைந்த குச்சிகளை நெருக்கி அடுக்க முடியுமா? ஆகவேதான் அது திரவம். நிக்கல் வினையூக்கியுடன் ஹைட்ரஜனைச் செலுத்தினால் பல சங்கிலிகள் நிறைவுற்று நிமிர்கின்றன. சில, ஹைட்ரஜன் ஏறாமலே திரும்பி நிமிர்ந்துகொள்கின்றன. இவையே டிரான்ஸ் கொழுப்பு. ஒலியிக் அமிலம் சுமார் 13° செ.இல் உருகும், அதே அணுக்களால் ஆன அதன் டிரான்ஸ் வடிவம், எலாய்டிக் அமிலம், சுமார் 44° வரை தாங்கும்! ஆனால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை உயர்த்தி நல்லதைக் குறைப்பதும் இந்த டிரான்ஸ் கொழுப்பே. எனவே 2022 சனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இது 2 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்பது விதி. இப்போது உறுதிக்குச் செம்பனைக் கொழுப்பு போன்ற நிறைவுற்ற வகைகள் கைகொடுக்கின்றன. அவையும் கெட்ட கொலஸ்டிராலை ஏற்றுபவையே.

வீட்டுக் க்ரீம் மட்டும் சத்துணவா? கணக்குப் போடுவோம். ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரு பங்கு சர்க்கரை. ஒரு துண்டின்மேல் 45 கிராம் க்ரீம் என்றால் வெண்ணெய் 15 கிராம், சர்க்கரை 30 கிராம். ஏறத்தாழ 230 கலோரி. புரதம் இல்லையென்றே சொல்லலாம். வைட்டமின் 'ஏ' சிறிதளவு. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே துண்டில் பாதிக்கு மேல் தீர்ந்தது! வெண்ணெய்க் கொழுப்பிலும் பாதிக்கு மேல் நிறைவுற்றதே.

ஒரு சோதனை செய்து பாருங்கள். க்ரீமில் சிறிது நாக்கில் வையுங்கள். வாயின் வெப்பம் சுமார் 37°. வெண்ணெயானால் சுவடின்றிக் கரையும். மேலண்ணத்தில் மெழுகாகப் படிந்தால், உடல் வெப்பத்திலும் உருகாத கொழுப்பு அதில் உண்டு. குளிர்ந்த நீர் குடித்தால் அது மேலும் இறுகும். சூடான காப்பி குடியுங்கள்.