திசா ஆற்றின் இரு கரைகள்

மாராமரோஷ் என்பது பழைய ஹங்கேரி முடியரசின் வடகிழக்கு மூலையில் இருந்த ஒரு மாவட்டம். பரப்பளவில் அது அந்நாட்டின் மிகப் பெரிய மாவட்டங்களுள் ஒன்று. ஆயினும், இன்று அதன் ஓர் அங்குல நிலம்கூட ஹங்கேரியில் இல்லை. வடபகுதி உக்ரேனிலும் தென்பகுதி ருமேனியாவிலும் உள்ளன.

மாவட்டத்தின் பெரும்பகுதி கார்பாத்திய மலைகளே. தென் எல்லையில் உள்ள பியெத்ரோசுல் சிகரம் 2,303 மீட்டர் உயரமுடையது. கருந்திசா, வெண்திசா என்னும் இரு மலையாறுகள் ராகிவ் நகருக்கு அருகில் ஒன்றுகூடித் திசா ஆறாகின்றன. அந்த ஆற்றின் பள்ளத்தாக்கில்தான் மக்கள் நெருக்கமாக வாழ்ந்தனர். தலைநகரின் பெயர் சிகெத். ஹங்கேரிய மொழியில் அச்சொல்லுக்குத் 'தீவு' என்று பொருள். ஆறுகள் சூழ்ந்த நகருக்குப் பொருத்தமான பெயர்தான்!

விளைநிலம் குறைவான இந்த மலைநாட்டை அரசர்கள் பெரிதும் மதித்தனர். காரணம் உப்பு. கடலே இல்லாத இவ்விடத்தில், மண்ணுக்கடியில் பாறைபோல் இறுகிய உப்பு குவிந்து கிடந்தது. தொழிலாளர்கள் சுரங்கம் தோண்டி அதைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்தனர். உப்பு வணிகம் அரசின் தனியுரிமையாக இருந்ததால் வருவாய் நேரே கருவூலத்திற்குச் சென்றது. உப்பைச் சுமந்து செல்ல நல்ல சாலைகள் இல்லை; ஆறு இருந்தது. மலைக்காட்டு மரங்களைப் பிணைத்துத் தெப்பமாக்கி, அதில் உப்பை ஏற்றிச் சமவெளி நகரங்களுக்கு அனுப்பினர். மரம் அரிதான சமவெளியில் தெப்பக் கட்டைகளும் விலைபோயின.

1910ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கு ஏறத்தாழ 357,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ருத்தேனியர். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ருமேனியர். ஹங்கேரியரும் யூதரும் நகரங்களில் மிகுதியாக இருந்தனர். யூதர்கள் பேசிய யித்திஷ் மொழிக்கு அந்தக் கணக்கெடுப்பில் இடமில்லை. எனவே, அவர்களுள் பலர் ஜெர்மன் மொழியினராகப் பதிவு செய்யப்பட்டனர். கணக்கெடுப்பு எண்களை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

முதல் உலகப் போரில் ஹங்கேரி தோல்வியுற்றது. 1920 ஜூன் 4இல் கையெழுத்தான திரியனோன் உடன்படிக்கையின்படி, மாவட்டத்தின் நடுவே ஓடிய திசா ஆறே நாட்டெல்லை ஆயிற்று. தென்கரையிலிருந்த சிகெத் ருமேனியாவுக்குப் போனது. எதிர்க்கரையிலிருந்த சொலோத்வினோ உப்புச் சுரங்கம் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது. ஆனால், மக்கள் ஆற்றைப் பார்த்துக் குடியேறியவர்கள் அல்லர். ருமேனிய மொழி பேசும் சில சிற்றூர்கள் வடகரையிலும், ருத்தேனியச் சிற்றூர்கள் தென்கரையிலும் தங்கிவிட்டன. தொடர்வண்டிப் பாதையின் நிலை இன்னும் விந்தையானது. சிகெத்திலிருந்து ருமேனியாவின் மற்றப் பகுதிகளுக்குத் தொடர்வண்டியில் செல்வோர் அண்டை நாட்டு மண்ணைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. ருமேனிய மண்ணிலேயே மலைகளைக் குடைந்து புதிய பாதை அமைந்தது 1949இல்தான்.

இதற்கிடையே, 1939இல் வடகரையையும் 1940இல் தென்கரையையும் ஹங்கேரி மீண்டும் கைப்பற்றியது. அந்த ஒன்றிணைப்பு யூதர்களுக்குப் பேரழிவாக முடிந்தது. 1944ஆம் ஆண்டு மே மாதத்தில் சிகெத்தின் யூதர்கள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவர், 15 வயதுச் சிறுவரான எலி வீசல். உயிர் தப்பிய அவர், பின்னாளில் எழுத்தாளராகி, 1986இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார். அவருடைய தாயும் தந்தையும் தங்கையும் திரும்பவில்லை.

போருக்குப் பின் ஆறு மீண்டும் எல்லையானது. வடகரை சோவியத் ஒன்றியத்துடனும், 1991க்குப் பின் உக்ரேனுடனும் சேர்ந்தது. 1910இல் சொலோத்வினோவில் பிறந்து எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்த ஒருவர், வீட்டைவிட்டு நகராமலேயே நான்கு நாடுகளின் குடிமகனாகியிருப்பார்.

அவ்வூரின் சுரங்கங்களுக்குள் இன்று நீர் புகுந்துவிட்டது. உப்பு கரைவதால் மேலே நிலம் உள்வாங்குகிறது; பள்ளங்களில் உப்பேரிகள் தோன்றியுள்ளன. போரில் அழிந்த பாலத்திற்கு மாற்றாக அமைந்த மரப்பாலம் 2007இல் திறக்கப்பட்டது. சொலோத்வினோ மக்கள் கடப்பிதழை எடுத்துக்கொண்டு, அதன்வழியே எதிர்க்கரையிலுள்ள சிகெத்துக்கு நடந்தே போய் வருகின்றனர்.