72-ல் ஒரு பங்கு தேய்மானம்

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டுக்குப் புது பீரோ வந்தால் அதன் அழகு கண்ணில் படாது. வருஷத்துக்கு எத்தனை சதவீதம் தேய்மானம் போடலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஆனால் புது சொத்து கைக்கு வந்த அன்றைக்கே, ஒரே மத்தியானத்தில், பத்து வருஷத் தேய்மானத்தையும் மொத்தமாகப் போட்டுவிடுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள் என்பது மேற்கு மாம்பலத்துக்குக் குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாடல் விமானம் செய்கிறவர்களைச் சொல்கிறேன்.

பொம்மைதானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். நிஜ விமானத்தில் ஆறடி இருந்தால் இதில் ஓர் அங்குலம். அதுதான் '72-ல் ஒரு பங்கு' என்கிற கணக்கு. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1950-களில் ஸ்பிட்ஃபயர் விமானத்தைப் பிளாஸ்டிக் துண்டுகளாக விற்க ஆரம்பித்தது. அப்புறம் ஜப்பானின் டமியா, இன்னும் யார் யாரோ. துண்டுகளை ஒட்டுவது பாதி வேலை. பெயின்ட் அடிப்பது கால்வாசி. மிச்சக் கால்வாசி இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. பளபளவென்று முடித்த விமானத்தை வெயிலில் வெளுத்த மாதிரி, எண்ணெய் வழிந்த மாதிரி, புகை படிந்த மாதிரி வேண்டுமென்றே பழசாக்க வேண்டும். இதற்கு 'வெதரிங்' என்று பெயர்.

அயோத்தியா மண்டபத்திலிருந்து நடக்கிற தூரத்தில், மாடிப் போர்ஷனில் ஒரு மாமா இருக்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். இளமையில் விமானப்படையில் ஃபிட்டர். அவர் வெதரிங் செய்வதைப் பற்றி மாமியின் அபிப்பிராயம் இது:

"தீபாவளிக்குப் புது வேஷ்டி எடுத்து, கட்டிக்கறதுக்கு முன்னாடியே சாக்கடையில முக்கி எடுக்கறவரைப் பார்த்திருக்கேளா? நான் பார்த்திருக்கேன்!"

மாமா இதற்கெல்லாம் அசருவதில்லை. அவர் கையில் இருப்பது மாருத். கடைகளில் ஸ்பிட்ஃபயர் பெட்டி கிடைக்கிற மாதிரி மாருத் பெட்டி சுலபமாகக் கிடைத்துவிடாது. அதனால் பால்சா கட்டையில் செதுக்கி, புட்டி பூசி, வாட்டர் பேப்பரால் தேய்த்துத் தேய்த்து அவரே உருவாக்கியது. நிஜ மாருத்தின் நீளம் கிட்டத்தட்ட 16 மீட்டர். மாமாவின் மாருத் 22 சென்டிமீட்டர். சாப்பாட்டுத் தட்டில் இறங்கிவிடும்.

மாருத் என்றால் யாருக்கு ஞாபகமிருக்கிறது? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், 1956-ல் பெங்களூருக்கு வந்தார். நம் என்ஜினீயர்களோடு உட்கார்ந்து அவர் உருவாக்கியதுதான் இந்தியாவிலேயே பிறந்த முதல் ஜெட் போர் விமானம். 1961 ஜூன் 17-ம் தேதி விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலாக ஓட்டினார். உடம்பு என்னவோ ஒலியின் வேகத்தைப் போல் இரண்டு மடங்கு பறக்கிற உடம்பு. அதற்கேற்ற என்ஜின்தான் கடைசி வரை கிடைக்கவில்லை. கார் உடம்புக்கு ஸ்கூட்டர் என்ஜின் வைத்த கதை. இருந்தும் 147 மாருத்கள் தயாராயின. 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் அவை தாழப் பறந்து தாக்கின. அந்த டிசம்பரில் மாமா அங்கே இருந்தார், கீழே, ஸ்பானரும் கையுமாக.

சரி, பழசாக்குவது எப்படி? அதற்கு ஒரு வரிசை உண்டு, மாற்றினால் குட்டிச்சுவர்.

முதலில் சாம்பல் நிற ப்ரைமர். அதன்மேல் அக்ரிலிக் பெயின்ட், தண்ணியாக, இரண்டு மூன்று பூச்சு. டப்பாவில் இருக்கிற நிறத்தை அப்படியே அடிக்கக்கூடாது, கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் எந்த நிறமும் வெளிறித்தானே தெரியும்? சின்ன விமானம் என்பது தூரத்து விமானம்.

அடுத்து, பளபள வார்னிஷ். அழுக்காக்கப் போகிற விமானத்துக்கு எதற்குப் பளபளப்பு என்று நானும் கேட்டேன். காரணம் இருக்கிறது. கறுப்பும் பழுப்பும் கலந்த ஆயில் பெயின்ட்டை டர்பன்டைனில் கரைத்து, தகடுகள் சேருகிற கோடுகளில் தொட்டு வைத்தால், வழவழப்பான மேல்பரப்பில் அது கோடு வழியே சரசரவென்று ஓடும். சொரசொரப்பு என்றால் அங்கேயே அப்பிக்கொள்ளும். கீழே காய்ந்திருக்கும் அக்ரிலிக்கை டர்பன்டைன் கரைக்காது. கீழேயும் எனாமல் பெயின்ட் என்றால் மொத்தமும் இளகிக் கையோடு வந்துவிடும். மிச்ச அழுக்கைத் துடைப்பதிலும் சட்டம் உண்டு: மூக்கிலிருந்து வால் பக்கமாகத்தான் துடைக்க வேண்டும். காற்று அப்படித்தானே போகும்!

பெயின்ட் உரிந்த இடங்களுக்கு ஸ்பாஞ்சுத் துண்டில் வெள்ளி நிறம் தொட்டு ஒற்றியெடுக்க வேண்டும். இங்கேதான் புதுசாகச் செய்பவர்கள் ஆர்வக்கோளாறில் செங்கல் நிறத்தில் துருப்பிடிக்க வைப்பார்கள். விமானத்தின் மேல்தோல் அலுமினியம் சார், அதற்குச் சிவப்புத் துரு கிடையாது. மூக்கில் நாலு பீரங்கித் துப்பாக்கிகள், பின்னால் இரண்டு என்ஜின்கள். அந்த இடங்களில் கறுப்புச் சாக்பீஸ் பொடியைப் பிரஷ்ஷால் தடவினால் புகைக்கறை. கடைசியாகப் பளபளப்பைக் கொல்கிற மேட் வார்னிஷ். இதை ஐப்பசி அடைமழையில் அடித்தால் ஈரக் காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும் ஆபத்து உண்டு. மாமா பங்குனி வெயிலுக்குக் காத்திருப்பார்.

இதற்கு நடுவே மேற்கு மாம்பலத்தின் சொந்த விமானப்படை வேறு. ஈர வார்னிஷைக் கண்டால் கொசுக்கள் அனுமதி கேட்காமல் தரையிறங்கிவிடும். இறக்கையில் ஒட்டிக்கொண்ட ஒரு கொசுவுக்கு நான் கணக்குப் போட்டேன். அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், பெருக்கல் 72. நிஜத்தில் ஒரு காக்கா! மாமா சாமணத்தால் எடுத்துப் போட்டுவிட்டு, "இதுக்குப் பேர்தான் பேர்ட்-ஹிட்" என்றார்.

எங்கள் கணக்குப் பாடத்தில் நேர்கோட்டு முறை என்று ஒன்று உண்டு. எல்லா வருஷமும் ஒரே அளவு தேய்மானம். கற்றுக்குட்டிகள் வெதரிங்கும் அப்படித்தான் செய்வார்கள், எல்லா இடத்திலும் சமமாக அழுக்கு. மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். "எங்க கை பட்டுதோ அங்கதான் தேயும். எங்க கால் பட்டுதோ அங்கதான் உரியும். சும்மா அழுக்கு பூசினா அது பொய்க்கணக்கு."

கீழ்வீட்டுப் பையன் ஒன்பதாவது படிக்கிறான். இப்போது பிரஷ் அவன் கையில். மாமாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று பாக்கி. கை நடுக்கமோ, ஆபரேஷனுக்கு அடங்காத நடுக்கம். பையன் கேட்டான்: "தாத்தா, புதுசாவே வெச்சுக்கலாமே, சூப்பரா இருக்கே?"

மாமா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "காலைல கிளம்பறப்போ எல்லாம் சுத்தமாதான் இருக்கும்டா. சாயங்காலம் புகையும் புழுதியுமா வந்து நின்னா, வண்டி திரும்பி வந்துடுத்துன்னு அர்த்தம். அழுக்கைப் பார்த்தா எங்களுக்கு உசிர் வரும்."

எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. முதல் மாருத்தை ஓட்டிய சுரஞ்சன் தாஸே 1970 ஜனவரி 10-ம் தேதி மாருத் சோதனை ஓட்டத்தில்தான் உயிரிழந்தார்.

இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் ஒரு சின்னப் பகுதி மட்டும் இன்னும் பாக்கி. மாமாவும் அவர் கூட்டாளிகளும் ஏறி நின்று வேலை பார்த்த இடம். பூட்ஸ் தேய்த்துத் தேய்த்து வெள்ளி தெரியும் என்கிறார். எவ்வளவு அகலம், எந்தக் கோணம் என்று அவருக்குத்தான் தெரியும். போட்டோவில் அதெல்லாம் விழுவதில்லை, புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை. இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் நிஜத்தில் பதினாலு சென்டிமீட்டர். அதனால் அவர் விரலை வைத்துக் காட்டுகிறார், பையன் பென்சிலால் குறித்துக்கொள்கிறான், அவர் தலையாட்டுகிறார், அழிக்கிறான், மறுபடி குறிக்கிறான்.

கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் நிஜ மாருத் ஒன்றைப் பார்வைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் கோளரங்கத்துக்கு ஓடுவதற்கு முன் அதன் இறக்கைப் பக்கம் ஒரு நிமிஷம் நில்லுங்கள். வெயிலிலும் மழையிலும் நிற்கிற விமானங்களுக்கு அவ்வப்போது புதுப் பெயின்ட் அடித்துத்தான் ஆகவேண்டும். அடித்தால் பழைய கால் தடங்கள் அடியில் போய்விடும். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மேற்கு மாம்பலத்து மாடியில் ஒரு பையன் அதை 22 சென்டிமீட்டரில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் போனபோது மாமி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"என்னடா அம்பி, மாமாவோட கால் தடம் இன்னும் ஆகலையா?"