சம்பளச் சீட்டும் தனி அடுப்பும்

பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். செட்டிநாட்டின் கதை அந்த வீடுகளில் கிடக்கும் பழைய காகிதங்களில்தான் நெருக்கமாகக் கேட்கிறது.

ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ இருந்த வட்டிக்கடையில் வேலைக்குப் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) இளைஞர், முதலாளிக்கு எழுதித் தந்த ஒப்பந்தமே சம்பளச் சீட்டு. தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. மனைவி ஊரில்தான்.

அந்த மனைவி என்ன செய்தார்? இங்கே ‘வேறு வைத்தல்’ என்ற வழக்கம் உண்டு. மணமான மகனுக்கு அதே வீட்டில் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. கணவன் கடல்தாண்டி இருந்த ஆண்டுகளில் அந்தக் கணக்கைச் சுமந்தவர் பெரும்பாலும் அந்தப் பெண்தான். வரலாற்று நூல்கள் அவரை ஏன் விட்டுவிட்டன என்பதை நாம் கேட்டே ஆக வேண்டும்.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் பர்மாவைத் தாக்கியது. அரிசி விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை. 1938க்குள் கீழ்பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. அந்த நிலத்தை இழந்தவர் பெரும்பாலும் பர்மிய உழவர். அவருடைய துயரமும் அந்த வட்டிக்கடைகளின் கணக்கேட்டு வரிகளில் இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தன. இந்தியர் பல்லாயிரவர் காட்டுவழியே நடந்து ஊர் திரும்பினார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிட்டை, மொய்ப்பண ஏடு, கடிதக்கட்டு கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். தமிழ் எண் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் முதலில் காட்டுங்கள்.